கண்ணியும் கல்வியும்
(பின்னல் கற்பித்தவர்களின் வரலாற்றிலிருந்து சில ஏடுகள்)

யூபிலி மலர் என்றால் ஆலயம் எழுந்த கதை, மணிக்கூண்டு உயர்ந்த கதை, முன்னாள் பங்குக் குருக்களின் வரிசை ஆகியவை இடம்பெறுவது வழக்கம். அவற்றை மற்றவர்கள் இம்மலரில் நன்றாகவே எழுதியுள்ளார்கள். நாம் எடுத்துக்கொண்டது சிறிய பொருள்: இரண்டு ஊசி, ஒரு நூலுண்டை, அவற்றை முதன்முதலாகக் கையில் பிடிக்கும் ஒரு குழந்தை. பின்னல் வேலை பெண்கள் பொழுதுபோக்குச் செய்யும் காரியம், இதற்கு வரலாறு ஏது என்று சிலர் கேட்கலாம். வரலாறு உண்டு. அதில் திருச்சபைக்குப் பெருமை தரும் பக்கமும் உண்டு, தலைகுனிய வேண்டிய பக்கமும் உண்டு.

முதலில் பின்னல் என்றால் என்ன என்று தெளிவுபடுத்திக்கொள்வோம். நம் ஆண்கள் இடுப்பில் கட்டும் வேட்டி நெய்த துணி. அதிலே பாவு ஒரு நூல், ஊடு ஒரு நூல். ஒன்றையொன்று குறுக்கே கடந்து போகின்றன. ஆனால் வேட்டிக்கு மேலே போட்டுக்கொள்ளும் பனியன் நெய்த துணியன்று, பின்னிய துணி. ஒரே நூல் வளைந்து வளைந்து, ஒரு கண்ணிக்குள் மறு கண்ணியாக நுழைந்து செல்கிறது. அதனால்தான் வேட்டி இழுத்தால் நீளாது, பனியன் நீளும். திருப்பூரில் இயந்திரம் நொடிப்பொழுதில் செய்வதைத்தான் ஊசி பிடித்த கை மெல்ல மெல்லச் செய்கிறது. கடற்கரையில் பிறந்தவர்கள் வலை பின்னுவதைக் கண்டிருப்பீர்கள். வலையிலே ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு முடிச்சு உண்டு. ஓரிடத்தில் அறுந்தாலும் மற்றது நிற்கும். ஊசிப் பின்னலில் முடிச்சே கிடையாது. ஒரு கண்ணி நழுவினால் அதற்குக் கீழுள்ளது நழுவும், அதற்கும் கீழுள்ளது நழுவும். கவனிக்காமல் விட்டால் ஒரு மாத வேலை ஒரு நிமிடத்தில் நூலாகிவிடும்.

புதிதாகக் கற்பவருக்கு இதை எப்படிச் சொல்லித் தருகிறார்கள்? முதலில் இடக்கை ஊசியில் இருபது கண்ணிகள் ஏற்றிக் கொடுப்பார்கள். இதை ஆசிரியை தாமே செய்து கொடுப்பதுண்டு. ஏனெனில் ஏற்றுவது பின்னுவதைவிடக் கடினம். பிறகு நான்கே அசைவுகள். வலக்கை ஊசியை முதல் கண்ணிக்குள் நுழை. நூலை ஊசிமேல் சுற்று. சுற்றிய நூலைக் கண்ணி வழியே இழு. பழைய கண்ணியை இடக்கை ஊசியிலிருந்து நழுவவிடு. அவ்வளவுதான். இருபது முறை செய்தால் ஒரு வரிசை. ஊசிகளைக் கைமாற்றிக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து. காகிதத்தில் படிக்கும்போது இது எளிது. செய்து பார்க்கும்போது பிள்ளையின் விரல்கள் மரக்கட்டையாகிவிடும். அச்சத்தினால் நூலை இறுக்கிப் பிடிப்பாள். கண்ணி ஊசியோடு ஒட்டிக்கொண்டு நகராது. வரிசையின் ஓரத்தில் ஒன்றுக்கு இரண்டாகக் கண்ணி எடுத்து, இருபது இருபத்து நான்காகி, பட்டை விசிறிபோல் விரியும். நல்ல ஆசிரியை அப்போது வேலையைப் பிடுங்கித் தாமே முடித்துக் கொடுக்கமாட்டார். பிள்ளையின் பின்னால் நின்று, தம் இரு கைகளையும் அவள் கைகள்மேல் வைத்து, அசைவைக் கைக்குக் கற்பிப்பார். இந்தப் பாடத்திற்குப் புத்தகம் பெரிதும் உதவாது. கையிலிருந்து கைக்கு வந்த கல்வி இது. குருத்துவத் திருநிலைப்பாட்டிலும் கை வைத்தல்தானே முக்கியச் செயல் என்று எண்ணிப் பார்ப்பதுண்டு. ஒப்பிட்டது அதிகம் என்று மறைநூல் வல்லுநர்கள் கோபிக்க வேண்டாம்.

இக்கலை ஐரோப்பாவிற்கு எகிப்து, அரபு நாடுகள் வழியாக வந்ததாகப் பெரும்பாலோர் கருதுகின்றனர். ஐரோப்பாவில் அதன் மிகப் பழைய சான்றுகளுள் சில ஒரு கன்னியர் மடத்தில்தான் கிடைத்துள்ளன. ஸ்பெயின் நாட்டில் பூர்கோஸ் நகருக்கு அருகே லாஸ் உவெல்காஸ் என்னும் சிஸ்தேர்சியக் கன்னியர் மடம் உண்டு. 1275-இல் இறந்த இளவரசர் பெர்னாந்தோவின் கல்லறையை அங்கே திறந்தபோது, அவரது தலைக்கு அணையாகப் பட்டுநூலில் பின்னிய மெத்தையுறை இருந்தது. மிக நுண்ணிய பின்னல் என்கிறார்கள். ஆயர்கள் பாடல் பூசையில் அணிந்த கையுறைகளும் அக்காலத்தில் பின்னப்பட்டவையே.

ஓவியர்களோ இன்னும் ஒரு படி மேலே சென்றார்கள். 1340-களில் இத்தாலியரான அம்புரோஜியோ லொரென்செத்தி, அன்னை மரியா வீட்டில் அமர்ந்து பின்னுவதாக வரைந்தார். 1400 வாக்கில் வட ஜெர்மனியின் புக்ஸ்தெகூட் நகர்க் கன்னியர் மடத்துப் பீடத்திற்கென மாஸ்டர் பெர்த்ராம் வரைந்த படம் இன்று ஹம்பர்க் நகரக் கலைக்கூடத்தில் உள்ளது. அதில் அன்னை பல ஊசிகள் கொண்டு வட்டமாக ஒரு சிறிய அங்கியைப் பின்னிக்கொண்டிருக்கிறார். கழுத்துப் பகுதி மட்டும் பாக்கி. காலடியில் பாலன் இயேசு, பக்கத்தில் பம்பரம், முன்னால் புத்தகம். பாலன் திரும்பிப் பார்க்கிறார். இரு வானதூதர்கள் சிலுவையையும் ஈட்டியையும் ஆணிகளையும் முள்முடியையும் ஏந்தி நிற்கிறார்கள். அந்த அங்கிக்காகத்தான் பின்னர் கல்வாரியில் படைவீரர்கள் சீட்டுப் போட்டார்கள் என்று ஓவியர் நமக்குச் சொல்லாமல் சொல்கிறார். அருளப்பர் நற்செய்தியின் கிரேக்க மூலத்தில் அந்தத் தையலில்லா அங்கி ‘நெய்யப்பட்டது’ என்றே உள்ளது, பின்னப்பட்டது என்றில்லை. ஆனாலும் ஓவியரைக் குறை சொல்ல மனமில்லை. தம் ஊர்த் தாய்மார் செய்த வேலையை அவர் அன்னையின் கையில் கொடுத்திருக்கிறார்.

இனி நாம் சொல்ல வந்த முக்கிய செய்திக்கு வருவோம். பின்னல் கற்பிப்பது பள்ளிக்கூடத்தையே மாற்றியமைத்த ஓர் இடம் உண்டு. பிரான்ஸ் நாட்டின் கிழக்கு எல்லையில் வோஸ் மலைத்தொடரில் உள்ள ஒரு பள்ளத்தாக்கு. ஜெர்மன் மொழியில் அதன் பெயர் ‘கல் பள்ளத்தாக்கு’ என்று பொருள்படும். பெயருக்கேற்ற நிலம். உருளைக்கிழங்கைத் தவிர அதிகம் விளையாது. பனிக்காலம் நீண்டது, பாதை கிடையாது, மக்கள் பேசியது வெளியூராருக்கு விளங்காத ஒரு கொச்சை. சுற்றிலும் கத்தோலிக்க ஊர்கள் இருக்க, இந்த ஐந்து சிற்றூர்கள் மட்டும் லூத்தரன் சபையைச் சேர்ந்தவை.

அங்கே கல்வி இருந்த நிலையை விளக்க ஒரு நிகழ்ச்சியைச் சொல்வார்கள். ஸ்டூபர் என்னும் போதகர் அங்கு வந்த புதிதில் பள்ளிக்கூடத்தைக் காட்டும்படி கேட்டார். ஒரு குடிசைக்கு அழைத்துச் சென்றார்கள். உள்ளே பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டிருந்தனர். மூலையில் கட்டிலில் ஒரு கிழவர் படுத்திருந்தார். அவர்தாம் ஆசிரியர். “என்ன கற்பிக்கிறீர்?” “ஒன்றுமில்லை.” “ஏன்?” “எனக்கே ஒன்றும் தெரியாதே!” “பின் உம்மை ஏன் ஆசிரியராக வைத்தார்கள்?” “ஐயா, பல ஆண்டுகள் ஊர்ப் பன்றிகளை மேய்த்தேன். வயதாகி அதற்கு முடியாமற்போனதும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.” இதைப் படித்துச் சிரிக்கிறோம். ஆனால் பாலர் வகுப்புக்கு எவர் இருந்தாலும் போதும் என்னும் எண்ணம் நம்மிடையே இன்றும் முற்றாக ஒழிந்துவிடவில்லை.

ஸ்டூபர் அங்கே எழுத்தறிவித்தார், பள்ளிக்கூடம் கட்டினார். அவர் இடத்திற்கு 1767-இல் வந்தவர் யோவான் பிரெடெரிக் ஓபர்லின். 1740-இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் பிறந்தவர். தத்துவத்தில் பட்டம் பெற்றவர். அவரை அழைக்க ஸ்டூபர் சென்றபோது, மாடியறையில் விளக்கின் மேல் தொங்கவிட்ட சட்டியில் ரொட்டியைத் தண்ணீரும் உப்பும் சேர்த்துக் காய்ச்சித் தம் இரவு உணவைத் தயாரித்துக்கொண்டிருந்தாராம். கல் பள்ளத்தாக்குக்கு இவர்தான் ஏற்றவர் என்று ஸ்டூபர் அங்கேயே முடிவு செய்துவிட்டார். ஏறத்தாழ அறுபது ஆண்டுகள், 1826-இல் இறக்கும்வரை, ஓபர்லின் அப்பள்ளத்தாக்கை விட்டு அகலவில்லை. கடப்பாரையைத் தாமே தோளில் வைத்துச் சென்று மக்களோடு பாறை உடைத்து ஸ்ட்ராஸ்பூர்க்குக்குச் செல்லப் பாதை போட்டார். ஆற்றுக்குக் குறுக்கே பாலம் கட்டினார். அதற்கு ‘அன்புப் பாலம்’ என்று பெயர்.

இவற்றையெல்லாம் உலகம் அறியும். அமெரிக்காவில் 1833-இல் தொடங்கிய ஒரு கல்லூரிக்கும் ஊருக்கும் அவர் பெயரே சூட்டப்பட்டது. ஆனால் நாம் இங்கு எழுத விரும்புவது அவரைப் பற்றியன்று. அவர் பங்கைச் சேர்ந்த பெல்மோன் என்னும் சிற்றூரில் பிறந்த சாரா பான்சே என்னும் உழவர் வீட்டுப் பெண்ணைப் பற்றி.

சாரா 1745-இல் பிறந்தவள். அக்காலத்தில் அப்பள்ளத்தாக்கில் ஊசிப் பின்னல் எவருக்கும் அவ்வளவாகத் தெரியாது. அவள் அதைக் கற்றுக்கொண்டாள். கற்றதைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல் ஊர்ப் பிள்ளைகளைத் தந்தையின் வீட்டுக்கு வரவழைத்துக் கற்பிக்கத் தொடங்கினாள். காசு வாங்கவில்லை. தந்தைக்கு இது பிடிக்கவில்லை. வீட்டில் வேலை கிடக்க, ஊர்ப் பிள்ளைகளுக்கு இலவசமாக உழைக்கிறாளே என்பது அவருடைய முறையீடு. ஏழை உழவர் ஒருவர் அப்படி எண்ணியதை நாம் குற்றம் சொல்ல முடியாது. 1769 வாக்கில் செய்தி ஓபர்லினுக்கு எட்டியது. சாரா பிள்ளைகளோடு அமர்ந்திருப்பதைக் கண்டபோது, தாம் தேடிக்கொண்டிருந்தது இதுதான் என்று அவருக்குத் தோன்றியது. தந்தையோடு பேசினார். பெண்ணுக்குச் சம்பளம் கொடுக்க ஏற்பாடு செய்தார். சாராவின் வேலை அதன்பின் ஊர் அறிந்த பணியாயிற்று.

சிந்திக்க வேண்டிய இடம் இதுவே. பாலர் கல்விக்கு ஒரு திட்டம் தீட்டி, அதை நடத்த ஓர் ஆளை ஓபர்லின் தேடவில்லை. ஆள் ஏற்கெனவே வேலையில் இருந்தாள். படித்தவர் செய்தது, அவளைக் கண்டுகொண்டதும், அவள் தந்தையின் வாயை நியாயமான முறையில் அடைத்ததும்தான். பங்குக் குருக்களாகிய நமக்கு இதில் பாடம் நிறைய உண்டு. கூட்டம் போட்டுத் திட்டம் தீட்டுவதற்கு முன் ஊரை ஒருமுறை சுற்றி வருவது நல்லது.

அப்பகுதியில் குளிர்காலத்தில் வீட்டின் ஓர் அறையில் மட்டும் கணப்பு மூட்டுவார்கள். அந்தக் கணப்பறையில்தான் பிள்ளைகள் கூடினார்கள். ஆகவே இப்பள்ளிகளுக்குப் ‘பின்னல் கணப்பறை’ என்று பெயர் வழங்கியது. ஒவ்வோர் ஊரிலும் ஓர் அறையை ஓபர்லின் வாடகைக்கு எடுத்தார். நடத்திய பெண்களை ஆசிரியை என்று அழைக்காமல் ‘இளம்பருவத்தினரின் வழிகாட்டியர்’ என்று பொருள்படும் பெயரால் அழைத்தார். ஒருவர் கைவேலையைப் பார்த்துக்கொள்வார்; மற்றவர் விளையாட்டையும் பாடத்தையும் பார்த்துக்கொள்வார். சின்னஞ்சிறுசுகள் தரையில் விளையாடும். சற்றுப் பெரியவர்கள் வட்டமாக அமர்ந்து காலுறை பின்னுவார்கள். பின்னும்போது வழிகாட்டி ஒரு படத்தை உயர்த்திக் காட்டுவார். திருவிவிலியக் காட்சியாக இருக்கும். ஒரு செடியின் படமாக இருக்கும். பள்ளத்தாக்கின் வரைபடமாக இருக்கும். முதலில் தங்கள் ஊர், பிறகு பக்கத்து ஊர், பிறகு மாநிலம், பிறகு பிரான்ஸ் என்று வரைபடம் விரிந்துகொண்டே போகும். காட்டிய பொருளின் பெயரை ஊர்க் கொச்சையில் சொல்லி, பின் நல்ல பிரெஞ்சில் சொல்லித் தருவார். பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள். படத்தில் கண்ட செடியை வெயில் காலத்தில் வயல்வெளியில் தேடிப் பிடிப்பார்கள். இடையிடையே பாடல். கை பின்னிக்கொண்டே இருக்கும்.

பின்னல் வேலைக்கு ஒரு விந்தையான குணம் உண்டு. தொடக்க நாட்களில் அது முழுக் கவனத்தையும் தின்றுவிடும். வாயைத் திறந்தால் கண்ணி நழுவும். சில வாரங்களில் விரல்களுக்கு அசைவு பழகிவிட்டால், கண்ணும் காதும் வாயும் விடுதலை பெற்றுவிடும். கை மட்டும் தானே ஓடும். துறுதுறுவென்ற பிள்ளைக்குக் கையில் ஏதாவது இருந்தால் மனம் அடங்குகிறது. அடங்கிய மனத்தில் சொல் இறங்குகிறது. செபமாலை மணியை உருட்டிக்கொண்டு மறையுண்மைகளைத் தியானிக்கும் நம் பாட்டிமாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாரா பான்சே இதை எந்த உளநூலிலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

அவள் 1774-இல் இறந்தாள். வயது இருபத்தொன்பதைத் தாண்டவில்லை. அவள் விட்ட இடத்தில் தொடர்ந்த வழிகாட்டியருள் பெயர் பெற்றவர் லூயிஸ் ஷெப்லர். 1763-இல் பெல்பாஸ் என்னும் சிற்றூரில் பிறந்தவர். பதினைந்து வயதில் போதகர் இல்லத்தில் பணிப்பெண்ணாகச் சேர்ந்து, விரைவிலேயே பின்னல் கணப்பறைகளில் ஈடுபட்டார். 1783-இல் ஓபர்லினின் மனைவி இறந்தபோது, தாயில்லாப் பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பும் இவர்மேல் விழுந்தது. சில ஆண்டுகளுக்குப்பின் ஒரு புத்தாண்டு நாளில் ஓபர்லினுக்கு ஒரு கடிதம் எழுதினார்: இனித் தமக்குச் சம்பளம் வேண்டாம், தம்மை வீட்டுப் பிள்ளையாக நடத்தினால் போதும் என்று. 1829-இல் பிரெஞ்சுக் கலைக்கழகம் நற்பண்புக்கான பரிசாக அவருக்கு 5,000 பிராங்கு அளித்தது. அவருடைய பணியை அவையில் எடுத்துரைத்தவர் புகழ்பெற்ற அறிவியலாளர் கூவியே.

இந்த முறை பாரீசிலும் பரவியது. 1820-களின் பிற்பகுதியில் ஏழைத் தொழிலாளரின் குழந்தைகளுக்காக அங்கே பாலர் காப்பகங்கள் எழுந்தன. அவையே 1881-இல் அரசின் ‘தாய்ப் பள்ளிகள்’ ஆயின. பாலர் பள்ளி என்றதும் நாம் ஜெர்மானியரான புரோபெலையும் அவர் 1840-இல் பெயரிட்ட ‘குழந்தைகள் தோட்ட’த்தையும் சொல்கிறோம். அதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே பெல்மோனில் ஓர் உழவர் மகள் பிள்ளைகளை அமர்த்தி ஊசி கொடுத்துவிட்டாள்.

இவர்கள் பிரிந்த சகோதரர்கள் ஆயிற்றே, நம் யூபிலி மலரில் இவர்களுக்கு ஏன் இடம் என்று எவரேனும் கேட்டால், 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட கிறிஸ்தவ ஒன்றிப்பு ஏட்டைப் படிக்கும்படி வேண்டுகிறோம். ஓபர்லினின் நண்பர்களுள் கிரகோயர் என்னும் கத்தோலிக்கக் குரு ஒருவர் உண்டு. 1826 ஜூன் மாதத்தில் ஓபர்லினை ஃபூதே ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தபோது, சுற்று வட்டாரக் கத்தோலிக்கப் பெண்கள் வந்து முழந்தாளிட்டுச் செபித்தார்கள் என்று வரலாற்றில் பதிந்துள்ளது. சங்கம் கூடுவதற்கு ஏறக்குறைய நூற்று நாற்பது ஆண்டு இருக்கும்போதே அவர்கள் ஒன்றிப்பைத் தொடங்கிவிட்டார்கள்.

ஆனால் ஐந்து வயதுப் பிள்ளையின் கையில் ஊசியைக் கொடுப்பது சரிதானா? இக்கேள்வியை மழுப்பாமல் பார்க்க வேண்டும். ஏனெனில் அதே முதற்பாடம் வேறிடத்தில் வேறு கனி தந்திருக்கிறது, அதுவும் நம்முடைய கத்தோலிக்க மடங்களிலேயே.

பெல்ஜிய நாட்டின் பிளாண்டர்ஸ் பகுதி லேஸ் வேலைக்குப் பெயர் பெற்றது. ரேந்தை என்று நம் முன்னோர் போர்ச்சுக்கீசியச் சொல்லால் அழைத்தது அதைத்தான். பின்னலுக்கு அது நெருங்கிய உறவு. வைக்கோல் திணித்த திண்டின் மேல் மாதிரி அட்டையை வைத்து ஊசிகளைக் குத்தி, சிறு கட்டைகளில் சுற்றிய நூல்களைச் சோடி சோடியாக மாற்றிப் போட்டுச் செய்வது. அதன் அடிப்படையிலும் இரண்டே அசைவுகள்தாம்: குறுக்கே கடத்துதல், முறுக்குதல். 1840-களில் கைத்தறி லினன் தொழில் நசித்து, உருளைக்கிழங்குப் பயிரும் அழுகிப் பட்டினி வந்தபோது, கன்னியரும் குருக்களும் ஊர்தோறும் லேஸ் பள்ளிகளைத் திறந்தார்கள். பல குடும்பங்களுக்குக் கஞ்சி கிடைத்தது. அயர்லாந்திலும் அதே பஞ்ச காலத்தில் உர்சுலைன் கன்னியர் கொக்கி ஊசிப் பின்னலைக் கற்பித்து ஏழைப் பெண்களைக் காத்தார்கள். இவை போற்றத்தக்கவை. ஆயினும் பஞ்சம் நீங்கிய பின்னும் பிளாண்டர்ஸ் பள்ளிகளில் ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகள் பகல் முழுதும் திண்டின் முன் குனிந்திருந்தார்கள். எழுத்துக்கும் கணக்கிற்கும் கிடைத்த நேரம் மிகக் குறைவு. வியாபாரிக்கு லாபம், பிள்ளைக்குச் சில்லறை. கண் மங்கிற்று, முதுகு வளைந்தது. அந்நாட்டிலேயே இதைக் கண்டித்து எழுதியவர்கள் பலர். 1914-இல் கட்டாயக் கல்விச் சட்டம் வந்தபின்தான் முழு மாற்றம் வந்தது. பட்டினியைப் போக்கத் திறந்த கதவு பிள்ளைகளை உள்ளே பூட்டிவைக்கும் கதவாக மாறியதை நம் ஆட்கள் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் பேசவில்லை.

இரண்டு இடத்திலும் ஊசிதான், நூல்தான். வேறுபாடு எங்கே என்றால், கல் பள்ளத்தாக்கில் கை வேலை செய்தபோது பிள்ளையின் நாக்குக்கும் கண்ணுக்கும் விருந்து கிடைத்தது. செடியின் பெயர் தெரிந்தது, உலகம் எவ்வளவு பெரிது என்று தெரிந்தது. மற்ற இடத்தில் கைக்கு வேலை கிடைத்தது, அதோடு முடிந்தது.

இந்த இரு நீரோடைகளும் நம் தமிழ் மண்ணிலும் வந்து சேர்ந்தன. நம் வெயிலில் கம்பளிக் காலுறை யாருக்கு வேண்டும்? கோடைக்கானலிலும் ஊட்டியிலும் தவிர உல்லன் நூலுக்கு இங்கு மதிப்பில்லை. ஆகவே இங்கு வந்தது பருத்தி நூல் லேஸ். 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷன் போதகர் சார்லஸ் மால்ட் என்பவரின் மனைவி மார்த்தா, பெண்களுக்கு விடுதிப் பள்ளி நடத்தி, 1821 வாக்கில் லேஸ் வேலையைக் கற்பிக்கலானார். திருவிதாங்கூரில் அன்று அடிமைமுறை இருந்தது. அது சட்டப்படி ஒழிந்தது 1855-இல்தான். அடிமைக் குடும்பங்களில் பிறந்த சிறுமிகள் சிலர் லேஸ் விற்ற பணத்தைக் கொடுத்துத் தங்கள் விடுதலையைப் பெற்றார்கள். அந்தப் பிள்ளைகள் நூலோடு எழுத்தையும் கற்றார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பெண் படிப்பதா என்று ஊர் சிரித்த காலம் அது.

1897 நவம்பர் 7-ஆம் நாள் முளகுமூட்டுக்கு இரு பெல்ஜியக் கன்னியர் வந்து சேர்ந்தனர். ஒருவர் அன்னை மரி லூயிஸ் தெ மேஸ்தர். 1857-இல் பிளாண்டர்ஸில் பிறந்து, ஈப்பர் நகர் மடத்திலிருந்து புறப்பட்டவர். மற்றவர் அவரோடு துணைக்கு வந்த நவகன்னி. அங்கிருந்த பெல்ஜியக் கார்மேல் சபைக் குருக்களின் அழைப்பின் பேரில் அனாதைப் பிள்ளைகளைக் கவனிக்க வந்தார்கள். அச்சிறு வீட்டிலிருந்து ஒரு துறவற சபையே பிறந்தது. இன்று மரியாவின் மாசற்ற இருதய மறைபரப்புச் சகோதரிகள் என்னும் பெயரில் பல நாடுகளில் பணியாற்றுகிறது. முளகுமூட்டில் அவர்கள் அனாதைச் சிறுமிகளுக்குப் பள்ளியும் வைத்தார்கள், லேஸ், பூத்தையல் வேலையும் கற்பித்தார்கள். தம் நாட்டுத் தொழிலைத்தான் கொண்டுவந்தார்கள். ஆனால் எழுத்தையும் அதனோடு கொண்டுவந்தார்கள். அனாதை விடுதியில் வளர்ந்த பெண்ணுக்குச் சீதனம் கொடுப்பார் எவருமில்லை. கையில் ஒரு தொழில் இருந்தால் கணவன் வீட்டில் தலைநிமிர்ந்து நிற்பாள் என்பது அப்பகுதித் தாய்மார் நன்கறிந்த உண்மை. அதே வேளையில், நுணுக்கமான வேலைக்குரிய விலை என்றும் வேலை செய்தவள் கைக்கு முழுவதும் வந்து சேர்ந்ததில்லை. லேஸ் மேசை விரிப்பு கடல்கடந்து போனபின் என்ன விலைக்கு விற்றது என்பதை அதைச் செய்தவர்களுள் எத்தனை பேர் அறிந்திருப்பார்கள்? இக்கேள்வி முளகுமூட்டை நோக்கியதன்று. கைவேலை நடத்தும் எல்லா மடங்களையும் பங்குகளையும், நம்மையும் சேர்த்து, நோக்கியது.

வால்டர்ஸ்பாக் ஊரில் ஓபர்லின் வாழ்ந்த குருமனை இன்று அருங்காட்சியகமாக உள்ளது. அவர் சேர்த்துவைத்த செடி வகைகளும், பிள்ளைகளுக்குக் காட்டிய படங்களும், விளையாட்டுப் பொருள்களும் அங்கே உள்ளன. லூயிஸ் ஷெப்லர் 1837-இல் இறந்து, தம் போதகரைப் போலவே ஃபூதே ஊர் மண்ணில் அடக்கமானார்.

நம் பங்கில் அருட்சகோதரிகள் நடத்தும் தையல், பின்னல் வகுப்பு இந்த யூபிலி ஆண்டில் புது அறைக்கு மாறுகிறது. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் இருபது கண்ணிகளை ஏற்றிக் கொடுக்க, வேலை தெரிந்த தாய்மார் வாரம் ஒரு மாலை வந்தால் உதவியாக இருக்கும். விருப்பமுள்ளோர் திருப்பலிக்குப் பின் சகோதரிகளிடம் பெயர் கொடுக்கலாம். விற்பனையாகும் ஒவ்வொரு பொருளின் விலையும், அதைச் செய்தவருக்குக் கிடைத்த தொகையும் எழுதிய ஏடு ஒன்று அந்த அறையிலேயே எவரும் புரட்டிப் பார்க்கும்படி இருக்கும். அறையின் சுவரில் மாவட்ட வரைபடம் ஒன்றும், அதன் பக்கத்தில் இந்திய வரைபடம் ஒன்றும் மாட்டச் சொல்லியிருக்கிறோம்.